எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறாய்?

சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளிகளிலும் ஜூனியர் கல்லூரிகளிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

நானும் உங்கள் வேலையைச் செய்தவள்தான். நகரிப் பக்கம் பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்து, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் சிலர் பாடப்புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். புத்தகத்துக்குள் மடித்து வைத்த ‘மெட்டீரியல்’ என்ற பரீட்சைக் குறிப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். கவிதையை ஒரு தடவைகூட வாய்விட்டுப் படிக்காத பிள்ளை, அதன் ‘சென்ட்ரல் ஐடியா’வை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. கதையில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டால் தடுமாறுகிறது. கதையின் நீதி என்ன என்று கேட்டால் உடனே சொல்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. தன் கண்ணால் படித்து ஒரு பொருள் சொல்லலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

உங்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். கவிதையோ, சிறுகதையோ, வரலாற்றுப் பாடமோ, அதன் பொருளை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளை சொல்லட்டும். சொன்னதும், “எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்றே?” என்று கேளுங்கள். வரியைக் காட்டினால் மேலே பேசுங்கள். காட்ட முடியாவிட்டால் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ புத்தகத்தின் முதல் கவிதையையே எடுத்துக்கொள்வோம். ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’. 1923இல் வந்த ‘நியூ ஹாம்ப்ஷயர்’ தொகுப்பில் இருப்பது. எட்டே வரி; எட்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். மரத்தில் இருந்த காகம் கீழே நின்றவர் மேல் பனித்தூளை உதிர்க்கிறது, அவர் மனம் மாறுகிறது, கெட்டுப்போன நாளில் கொஞ்சம் மிஞ்சுகிறது. இதற்கு மெட்டீரியல் சொல்லும் பொருள் எல்லோருக்கும் மனப்பாடம்: காகம் அபசகுனம், ஹெம்லாக் நச்சு மரம், ஆகவே தீயதிலிருந்தும் நல்லது பிறக்கும்.

கவிதையைத் திரும்பப் பாருங்கள். காகம் அபசகுனம் என்று ஃப்ராஸ்ட் எந்த வரியிலும் சொல்லவில்லை. மரத்தைப் பற்றியும் கெட்டதாக ஒரு சொல் இல்லை. அது அமெரிக்காவின் வடகிழக்கில் வளரும் ஊசியிலை மரம், பைன் குடும்பத்தைச் சேர்ந்தது, நஞ்சு கிடையாது. சாக்ரடீஸ் குடித்த நஞ்சு அதே பெயர் கொண்ட வேறொரு செடியிலிருந்து வந்தது. வெள்ளையாகப் பூக்கும் செடி அது. அந்தப் பூவைத்தான் பல குறிப்புகளில் இந்த மரத்தின் தலையில் சூட்டியிருக்கிறார்கள். மரம் என்று கவிதையே தெளிவாகச் சொல்கிறது. காகம் உட்கார்ந்து, அதன் அசைவில் ஆள் தலைமேல் பனி கொட்ட வேண்டுமானால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு பிள்ளை யோசித்தாலே அந்தக் குறிப்பு ஆட்டம் கண்டுவிடும். யோசிக்க நாம் இடம் விடுவதில்லை.

இந்தக் கவிதையைக் குறிப்பில்லாமல் படிக்கச் சொன்னபோது என் வீட்டுத் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். அமாவாசைக்குக் காகத்துக்கு வைத்த பிறகே இலை போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி, “அவரோட தாத்தா வந்து தலையில தட்டிட்டுப் போன மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். பக்கத்திலிருந்த பையன் விடவில்லை. “அமெரிக்காவுல யாராவது காக்காவுக்குச் சோறு வைக்கிறாங்களா?” வரியைக் காட்டு என்றேன். அவள் தேடினாள். தாத்தா எந்த வரியிலும் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் காகம் பனியைச் சும்மா உதிர்க்கவில்லை, அந்த ஆளின் மேல் உதிர்த்தது என்று இரண்டாவது வரியைக் காட்டினாள். தன்னைத் தொட்டதாக அவர் நினைத்திருக்கிறார், அதனால்தான் மனசு மாறியது என்றாள். பையன் முதல் வரியைக் காட்டி, காக்காவைப் பற்றியே இல்லை டீச்சர், காக்கா உதறின விதத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்றான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், சில நிமிஷத்தில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசி, மெட்டீரியல் எட்டாத இடத்துக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இலக்கணப் பிழை இருந்தது. திருத்தினேன். சொல்வதற்கு ஒன்று இருக்கும் பிள்ளை திருத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எதை வேண்டுமானாலும் பொருளாகச் சொல்லலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கூடாது. தாத்தா விழுந்துவிட்டார் பாருங்கள். அவரை நான் விழ வைக்கவில்லை. கவிதை விழ வைத்தது.

இது வெளிநாட்டுக் கல்விமுறை, நம் ஊருக்கு ஒத்துவராது என்கிற பேச்சும் காதில் விழுகிறது. அதைத் திருப்பதியில் இருந்துகொண்டு சொல்லலாமா? மார்கழி பிறந்தால் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. ஆந்திரத்தின் ஊர்களில்கூட அந்த மாதம் முழுக்கத் திருப்பாவைச் சொற்பொழிவு. நாளுக்கு ஒரு பாசுரம். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடத்தில், யார் யாரை எழுப்புகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பெரியவாச்சான் பிள்ளை ஒரு பொருள் சொல்லியிருப்பார். இன்னொரு ஆசாரியர் வேறொன்று சொல்லியிருப்பார். சொற்பொழிவாளர் இரண்டையும் வைத்துவிட்டு மூலத்துக்குத் திரும்புவார். தமிழ்ப் பாட்டுக்குத் தெலுங்கில் விளக்கம் கேட்டுத் தலையாட்டும் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சித்தூர்க் கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த சி.ஆர். ரெட்டி. கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியவர். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர். அவருடைய ‘கவித்வ தத்த்வ விசாரமு’ தெலுங்கின் நவீன விமர்சனத்துக்கு வழிவிட்ட நூல். பழைய காவியம் என்பதற்காகக் கும்பிட்டு ஒதுங்காமல், கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று கேள்வி கேட்டுப் படிப்பதை இவர் நம் சித்தூரிலிருந்து போய்த்தான் செய்து காட்டினார்.

சிறுகதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான பாடம் இது. அதே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’டில் ‘மேடம் ரைட்ஸ் தி பஸ்’ என்று ஒரு கதை. எழுதியவர் வல்லிக்கண்ணன். நெல்லைச் சீமையின் ராஜவல்லிபுரத்தில் 1920இல் பிறந்து, 1978இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். தமிழில் எழுதிய கதை ஆங்கிலமாகி, நாடு முழுக்கப் போய், நகரியிலும் புத்தூரிலும் சித்தூரிலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையின் கைக்கு ஆங்கிலப் பாடமாக வந்து சேர்ந்திருக்கிறது. பாதிப் பிள்ளைகளுக்கு இது தமிழ்க் கதை என்றே தெரியாது. தயவுசெய்து சொல்லுங்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். எட்டு வயது வள்ளி. வாசலில் நின்று பஸ்ஸைப் பார்ப்பதே அவள் பொழுதுபோக்கு. போக முப்பது பைசா, வர முப்பது பைசா. பெப்பர்மின்ட்டையும் பலூனையும் திருவிழா ராட்டினத்தையும் விட்டுக்கொடுத்து அறுபது பைசா சேர்க்கிறாள். அம்மா மத்தியானம் தூங்கும் நேரத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போய், இறங்காமலே திரும்பி வருகிறாள். போகும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஓடி அவளைச் சிரிக்கவைத்த பசு, வரும்போது ரோட்டில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது.

வாழ்வும் மரணமும் பிரிக்க முடியாதவை என்று மெட்டீரியல் கதையை முடித்துவிடுகிறது. தப்பில்லை. ஆனால் பசுவை அடைவதற்கு முன்னால் கதையில் எவ்வளவு இருக்கிறது! நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைப் படிக்கக் கொடுக்கும்போது கேட்பதற்கு இப்போது புதிதாக ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15இலிருந்து ஸ்த்ரீ சக்தி திட்டத்தில் ஆந்திரப் பெண்களுக்குப் பல்லெ வெலுகு பஸ்ஸில் கட்டணம் இல்லை. வள்ளி இன்றைக்குப் பலமநேரிலோ கார்வேட்டிநகரத்திலோ இருந்தால் அந்த அறுபது பைசா அவளுக்குத் தேவையே இல்லை. அப்போது இந்தக் கதை என்ன ஆகும்?

முதலில் எல்லோரும், ஈசியாப் போயிட்டு வந்திருப்பா என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். யாராவது ஒரு பிள்ளை, பஸ்ஸில் ஒரு பெரியவர் பேசும் இடத்துக்குப் போகும். குழந்தே, நிற்காதே, உட்கார் என்று அவர் சொல்ல, இங்கே குழந்தை யாரும் கிடையாது, எல்லாரையும் போல நானும் காசு கொடுத்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் வள்ளி வெடுக்கென்று பேசுகிறாள் அல்லவா? காசு கொடுக்காமல் ஏறியிருந்தால் அந்தப் பதில் அவள் வாயில் வந்திருக்குமா? இன்னொரு பிள்ளை டவுனில் கண்டக்டர் குளிர்பானம் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிடும் இடத்தைக் காட்டும். அவள் மறுத்துவிடுகிறாள். தாகம் இல்லாததாலா? கையில் இருப்பது திரும்பிப் போகும் காசு மட்டும்தான். அடுத்தவர் காசில் குடித்தால் அவள் சம்பாதித்த அந்தப் பயணத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று எட்டு வயதிலேயே அவளுக்குத் தோன்றுகிறது. ராட்டினத்தை விட்டுக்கொடுத்ததும், பெரியவரிடம் வெடுக்கென்றதும், குளிர்பானத்தை மறுத்ததும் ஒரே நூலில் கோர்த்தவை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பு எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று பாருங்கள். நான் ஸ்த்ரீ சக்தியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த பஸ்ஸில் நானும்தான் போகிறேன். இன்றைய பிள்ளையின் வாழ்க்கையைக் கொண்டு கதையைத் திறக்க முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன். இலவசம் என்றாலும் உரிமைதானே, அவள் அப்போதும் அப்படித்தான் பேசியிருப்பாள் என்று ஒரு பெண் வாதாடினால் அதையும் கேளுங்கள். எனக்கே அந்த வாதம் பிடித்திருக்கிறது.

வரலாற்றுப் பாடங்களை நாம் இன்னும் மோசமாக நடத்துகிறோம். அதே புத்தகத்திலுள்ள மண்டேலாவின் தன்வரலாற்றுப் பகுதியிலிருந்து 1994 மே 10 என்ற தேதியையும், ஆன் ஃபிராங்க் டைரியிலிருந்து 1942 ஜூன் 12 என்ற தேதியையும் பிடுங்கி ஸ்லிப் டெஸ்ட்டில் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், நடக்கும்போதே எழுதினாரா, நடந்து வெகுநாள் கழித்தா, அவருக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. டைரி எழுதிய பெண்ணுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாது. தன்வரலாறு எழுதியவருக்கு முடிவு தெரியும். இரண்டையும் ஒரே மாதிரி படிக்க முடியுமா?

இதைப் பழகுவதற்கு நம் மாவட்டத்துக் கதை ஒன்றே போதும். 1919 பிப்ரவரியில் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தியசாஃபிகல் கல்லூரியில் தங்கினார். மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டம். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ், அயர்லாந்துக் கவிஞர். அங்கே இருந்தபோதுதான் தாகூர் ‘ஜன கண மன’ பாட்டைத் தன் கையாலேயே ஆங்கிலமாக்கி, ‘தி மார்னிங் சாங் ஆஃப் இந்தியா’ என்று பெயரிட்டார். மார்கரெட் கசின்ஸ் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். ஒரு கவிஞர் தன் கவிதையை இன்னொரு மொழியில் உட்காரவைத்த இடம் நம் ஊர்.

அந்தப் பாட்டுக்கு ஒரு வழக்கும் உண்டு. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் இந்தியா வந்திருந்த சமயம். அதே அமர்வில் மன்னரை வாழ்த்தி இந்தியில் வேறொரு பாட்டும் பாடினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி, தாகூர் மன்னரை வரவேற்றுப் பாட்டு எழுதியதாகச் செய்தி போட்டுவிட்டன. 1937இல் தாகூர் ஒரு கடிதத்தில் இதை அழுத்தமாக மறுத்தார். யுகயுகமாக மனிதர்களை வழிநடத்தும் தேரோட்டியாக எந்த ஜார்ஜும் இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இன்றைக்கும் யாராவது ஒருவர் அந்தப் பழைய சந்தேகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் மாணவர்களுக்கும் வந்திருக்கும்.

இதை வகுப்பில் வையுங்கள். தேசிய கீதமாக நாம் பாடுவது முதல் பத்தி மட்டும். முழுப் பாட்டில் ஐந்து உண்டு. ஐந்தையும் கொடுங்கள். பத்திரிகைச் செய்தி என்ன சொன்னது என்று சொல்லுங்கள். 1937 கடிதம் என்ன சொன்னது என்று சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளை விடுங்கள். கவிஞரே சொன்ன பிறகு என்ன பேச்சு என்பான் ஒருவன். இருபத்தாறு வருஷம் கழித்துச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பாள் ஒருத்தி. தேரோட்டி வருகிற பத்தியைப் படித்தவர்கள், கடிதமே இல்லாவிட்டாலும் பாட்டே சாட்சி சொல்கிறதே என்பார்கள். என் கட்சியும் அதுதான். ஆனால் என் கட்சியை நான் கடைசியில்தான் சொல்வேன்.

சந்திரகிரிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜமஹாலைக் காட்டி, ஆங்கிலேயருக்குச் சென்னையைக் கொடுத்த அரசர்களின் கோட்டை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். சென்னைக்காரர்கள் ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22 என்ற தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தைக் கொடுத்த சாசனத்தின் படியில் ஜூலை 22 என்று இருக்கிறது. அதை வாங்கிய கம்பெனி ஊழியர் ஃபிரான்சிஸ் டே அந்தக் கரைக்கு வந்ததே ஜூலை 27 என்பதால், மாதத்தைத் திருத்திப் படிக்கிறார்கள். எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புவதா, மற்ற ஆவணங்களோடு ஒத்துப்பார்ப்பதா? கொடுத்தது கடற்கரையை ஆண்ட தாமர்ல நாயக்கரா, அவருக்கு மேலிருந்த ராயரா? கோட்டை நிழலில் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர், ஒரு பீரியடு நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம், மார்ச்சில் பரீட்சை. இன்டர்மீடியட்டில் பல்லாண்டாக அனொடேஷன் கேள்வி: நூறு வார்த்தை, நாலு மார்க்கு. அறிமுகம், சூழலும் பொருளும், விமர்சனக் குறிப்பு என்று தலைப்புப் போட்டு, எந்தக் கவிதைக்கும் ஒரே விமர்சனக் குறிப்பை எழுதும் பிள்ளைகளை நானும் திருத்தியிருக்கிறேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்துங்கள் என்று கேட்கவில்லை. ஒரு பருவத்துக்கு ஒரு கவிதை, ஒரு கதை. அந்த இரண்டுக்கு மட்டும் மெட்டீரியலைப் பிறகு கொடுங்கள். அதைப் படிக்கும்போதும், இது எந்த வரியைப் பார்த்து எழுதினது என்று அதையும் கேட்கச் சொல்லுங்கள். பரீட்சை கெட்டுப்போகாது. தானே தேடிக் கண்டுபிடித்த வரி பரீட்சை அறையில் மறப்பதில்லை.

ஆங்கில வகுப்பில் தமிழோ தெலுங்கோ பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றில் நானும் வேலை பார்த்தேன். வாதாட வந்த பிள்ளை பத்து ரூபாய்க்குப் பயந்து வாயை மூடிக்கொள்வதைப் பார்ப்பது பெரிய வேதனை. அந்த அபராதத்தை எடுத்துவிடுங்கள். முதல் பத்து நிமிஷம் அவர்கள் மொழியில் சண்டை போடட்டும். குப்பம் ஊர்ப் பிள்ளை கன்னடத்தில் சொன்னால்கூடப் புரிந்துகொள்ள வகுப்பில் யாராவது இருப்பார்கள். பிறகு எழுதுவதை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

உங்களில் பலர் ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் ஸ்பாட் வேல்யுவேஷனுக்குப் போவீர்கள். கட்டுக் கட்டாக ஒரே பதில். கை தானாக டிக் போட்டுக்கொண்டு போகும். நடுவில் எப்போதாவது விடைக்குறிப்பான ‘கீ’யில் இல்லாத பதில் ஒன்று வரும். ஆங்கிலம் தடுமாறும். ஆனால் கவிதையின் ஒரு வரியைச் சுட்டி, இதனால் இப்படி நினைக்கிறேன் என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கும். அந்த இடத்தில் நிறுத்தி அதை முழுசாகப் படியுங்கள். வரி தாங்குகிறது என்றால் மார்க்கைக் குறைக்காதீர்கள். தலைமைத் திருத்துநர் கேட்டால் விடைத்தாளைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள். அடுத்த ஆண்டு கீ தயாரிக்கும் கூட்டத்தில், பாடத்தின் வரியைக் காட்டி எழுதிய எந்தப் பொருளுக்கும் மார்க்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியை ஒருத்தி